மணலில் கார் சிக்கிடுச்சா? ஆக்சிலேட்டரை மிதிக்கிறதுக்கு முன்னாடி டயர் காத்தைப் பாருங்க!

"இன்னும் ஒரு இருபது அடி உள்ள போய் நிறுத்துனா போட்டோ சூப்பரா வரும்." பெரும்பாலும் இப்படித்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

தனுஷ்கோடி போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோடு போட்ட மாதிரி தார்ச்சாலை. ஒரு பக்கம் மீனவர்கள் 'பெண் கடல்' என்று சொல்லும் அமைதியான பாக் நீரிணைப் பகுதி, இன்னொரு பக்கம் 'ஆண் கடல்' என்று சொல்லும் மன்னார் வளைகுடா. நடுவில் இரண்டு ஓரமும் வெள்ளை மணல். பார்க்கத் தரை மாதிரியே சமமாக இருக்கும். வண்டியைச் சாலையை விட்டு இறக்கினால் முதல் பத்தடி ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வேகம் குறையும். ஸ்டியரிங் தளதளவென்று ஆகும். வண்டி நின்றுவிடும்.

இந்த இடம் வரைக்கும் உங்கள் கார் சிக்கவே இல்லை. ஒன்றிரண்டு அங்குலம் புதைந்திருக்கும், அவ்வளவுதான். அடுத்த பத்து விநாடியில் டிரைவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் செய்வது, ஆக்சிலேட்டரை முழுசாக மிதிப்பது. என்ஜின் உறுமும், மணல் பறக்கும், சக்கரம் பாதி காணாமல் போகும். உண்மையில் கார் 'சிக்குவது' அப்போதுதான்.

சக்கரத்துக்கு அடியில் என்ன நடக்குது?

உலர்ந்த மணலில் ஒரு துகளுக்கும் இன்னொரு துகளுக்கும் ஒட்டுறவு கிடையாது. மேலே பாரம் அழுத்தும்போது துகள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் விலகி ஓடிவிடும். நின்ற இடத்தில் சக்கரம் வேகமாகச் சுற்றினால் அது மண்வெட்டி வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் இருக்கும் மணலை வாரிப் பின்னால் எறிகிறது. வண்டி முன்னால் போவதில்லை, கீழே போகிறது.

இப்படியே தோண்டிக்கொண்டு போனால் கடைசியில் காரின் அடிப்பகுதி மணலில் உட்கார்ந்துவிடும். டிரைவர்கள் பேச்சில் சொன்னால் 'வயிறு தட்டிடுச்சு'. அதற்கப்புறம் வண்டியின் எடையைச் சக்கரம் சுமப்பதில்லை, வயிறு சுமக்கிறது. சக்கரத்துக்குப் பிடிமானமே இருக்காது. பத்து பேர் தள்ளினாலும் அசையாது. காரணம், நீங்கள் உருட்டவில்லை, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பை மணலில் இழுக்கிறீர்கள்.

இன்னொரு விஷயமும் பலரைக் குழப்பும். "நாலு சக்கரம் இருக்கு, ஏன் ஒண்ணு மட்டும் சும்மா சுத்துது?" நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரங்களால் மட்டுமே இழுக்கப்படுபவை. அந்த இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற அது அவசியம். மணலில் அதுவே வினையாகிறது. எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ, அந்தச் சக்கரம் இலவசமாகச் சுற்றும். பிடிமானம் உள்ள சக்கரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே ஒரு முன்சக்கரத்தை மட்டும் தோண்டி விடுவித்தால் போதாது, இரண்டுக்கும் வழி பண்ண வேண்டும்.

முதல் ஒரு நிமிஷம்

சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றால் உடனே காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கை அழுத்திக் குத்தவும் வேண்டாம், சக்கரத்துக்கு முன்னால் மணல் மேடு சேர்ந்துவிடும். ஸ்டியரிங்கை நேராக்குங்கள். திருப்பி வைத்த சக்கரம் மணலில் ஏர் மாதிரி உழும்.

வந்த தடத்திலேயே ஒரே ஒருமுறை ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கலாம். உங்கள் சக்கரம் ஏற்கெனவே அழுத்திவிட்டுப் போன தடம் அது. சுற்றிலும் இருக்கும் மணலைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். மெதுவாக, சக்கரம் வழுக்காத அளவுக்கு மட்டும். வந்தால் அதிர்ஷ்டம். வரவில்லை, சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறது என்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். இரண்டாவது முயற்சி, மூன்றாவது முயற்சி என்று போவதில்தான் வயிறு தட்டுகிறது.

எல்லோரையும் இறக்குங்கள். ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால்கூட ஐந்து பேர் 300 கிலோ. ஒரு சின்னக் காரின் எடையில் கால்வாசி! டிக்கியில் இருக்கும் தண்ணீர் கேன், பெட்டிகளையும் இறக்கி வையுங்கள். குழந்தைகளை ஒரு பெரியவரோடு வண்டியிலிருந்து தள்ளி நிற்க வையுங்கள்.

இறங்கியதும் கடலைப் பாருங்கள். அலை வண்டிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, ஈரத் தடம் எதுவரை வந்து போயிருக்கிறது என்று கவனியுங்கள். நம் கரையில் ஏற்ற இறக்கம் ரொம்பப் பெரிதில்லைதான். ஆனாலும் கடல் ஏறும் நேரம், பௌர்ணமி, அமாவாசை, பலத்த காற்று எல்லாம் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும். அலை சக்கரத்தைத் தொட ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் திரும்பும்போது டயரைச் சுற்றியிருக்கும் மணலை உருவிக்கொண்டு போகும். அப்படி ஒரு நிலை வந்தால் தோண்டிக்கொண்டிருக்காதீர்கள். முக்கியமான பொருள்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் எல்லோரும் மேட்டுக்கு வந்துவிடுங்கள், பக்கத்துக் குப்பத்தில் ஆள் கூப்பிடுங்கள், 112-க்கு அழையுங்கள். கார் போனால் வேறு கார் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை, இதை யாரும் யோசிப்பதில்லை. வண்டி பின்பக்கம் புதைந்திருந்தால் சைலன்சர் வாயை மணல் அடைத்திருக்கும். "வெயிலா இருக்கு, ஏசி போட்டு உள்ள உக்காருங்க" என்று குழந்தைகளையும் வயதானவர்களையும் உள்ளே உட்கார வைத்து என்ஜினை ஓடவிட்டால், புகை வெளியேற வழியில்லாமல் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அந்த வாயுவுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை சுற்றும், தூக்கம் வரும். முதலில் சைலன்சர் வாயிலிருக்கும் மணலைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு சாவியைத் திருப்புங்கள்.

அவசரப்படாமல் யோசிப்பதற்கு ஒரு உச்சக்கட்ட உதாரணம் பூமியிலேயே இல்லை. 2005 ஏப்ரலில் நாசாவின் 'ஆப்பர்ச்சூனிட்டி' ரோவர் செவ்வாய் கிரகத்தில் ஒரு மணல்மேட்டில் புதைந்துபோனது. விஞ்ஞானிகள் உடனே 'ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை'. கலிஃபோர்னியாவில் அதே மாதிரியான மண்ணைக் கலந்து கொட்டி, மாதிரி ரோவரை அதில் புதைத்து, எப்படி எடுப்பது என்று ஒத்திகை பார்த்தார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜூன் மாதத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். அதன் ஜோடி ரோவரான 'ஸ்பிரிட்'டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2009-ல் மெத்தென்ற மண்ணில் சிக்கியது. எத்தனையோ மாதம் முயன்றும் எடுக்க முடியாமல், கடைசியில் அது நின்ற இடத்திலேயே ஆய்வு செய்யட்டும் என்று 2010-ல் நாசா அறிவித்தது. அங்கே இறங்கித் தோண்ட ஆள் இல்லை. உங்களுக்கு இரண்டு கை இருக்கிறது.

காத்த இறக்குங்க!

மணல் பகுதியில் வண்டி ஓட்டிப் பழகியவர் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: "அண்ணே, மொதல்ல காத்த இறக்குங்க." புதிதாகக் கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும். ஏற்கெனவே வண்டி புதைந்திருக்கு, இதில் டயரையும் சப்பையாக்கச் சொல்றாங்களே என்று தோன்றும்.

கணக்கு எளிது. ஒரு சின்னக் கார் சுமார் 1,200 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் வழக்கமான 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ அழுத்தம். 300-ஐ இரண்டேகாலால் வகுத்தால் 133 சதுர சென்டிமீட்டர். அதாவது டயர் தரையைத் தொடும் இடம் கிட்டத்தட்ட விரித்து வைத்த உங்கள் கை அளவுதான். அந்தக் கையளவு இடத்தில் 300 கிலோ உட்கார்ந்திருக்கிறது. மணல் எப்படித் தாங்கும்? இப்போது காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கினால் தொடும் இடம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்கும் என்பதால் இந்தக் கணக்கு துல்லியமானதில்லை. ஆனால் போக்கு இதுதான். டயர் அகலத்தில் கொஞ்சமாகவும் நீளவாக்கில் நிறையவும் படியும், டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரி. ஒட்டகத்தின் பாதம் காலை ஊன்றும்போது அகன்று விரிவதும் இதே வேலைக்குத்தான்.

தனுஷ்கோடிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 1964 டிசம்பர் புயல் ரயில் நிலையத்தோடு சேர்த்து ஊரையே அழித்துவிட்டுப் போன பிறகு, பல பத்தாண்டுகளுக்கு அங்கே முறையான சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் புதிய சாலை 2017-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போன ஜீப்புகளும் வேன்களும் மணலிலும் சேற்றிலும்தான் ஓடின. அந்த வண்டிகளில் ஏறியவர்களுக்கு அந்தக் குலுக்கல் இன்னும் ஞாபகம் இருக்கும்.

உலக அளவில் இந்த வித்தையைப் பெரிதாகப் பரப்பியவர் ரால்ஃப் பேக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1920-களில் எகிப்தில் பணியில் இருந்தபோது, விடுமுறை நாள்களில் ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் கிளம்பிவிடுவார். டயர் காற்றைக் குறைத்து ஓட்டுவது, புதைந்த சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு ஏற்றுவது எல்லாம் அவருடைய குழு பழகிப் பழகிச் செம்மைப்படுத்தியவை. இரண்டாம் உலகப் போரில் இந்த அனுபவத்தை வைத்தே பாலைவனத்துக்கென்று ஒரு தனிப் படையை அவர் உருவாக்கினார். மணல் எப்படி நகர்கிறது என்று அவர் 1941-ல் எழுதிய புத்தகம் இன்றைக்கும் அடிப்படை நூல். செவ்வாயில் ஒரு மணல்மேட்டுப் பகுதிக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, எவ்வளவு இறக்குவது? சாதாரண கார் என்றால் 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பாருங்கள். நகரவில்லை என்றால் 15 வரை போகலாம். துபாய், அபுதாபி பக்கம் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்குத் தெரியும், அங்கே பாலைவனத்துக்குள் போகும் பெரிய எஸ்யூவிகளில் 12 முதல் 15 வரை இறக்குவது வழக்கம். அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரும் ஆபத்து இருக்கிறது. பக்கச் சுவர் குட்டையான ஸ்டைல் டயர் போட்ட கார்களில் ரொம்ப இறக்க வேண்டாம், பலனும் குறைவு, ரிம்மும் அடிபடும்.

இறக்குவதற்குத் தனிக் கருவி தேவையில்லை. வால்வு மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் பின்னைச் சாவி நுனியால் அழுத்தினால் போதும். மூடியைப் பாக்கெட்டில் போடுங்கள், மணலில் வைத்தால் தேடிக்கொண்டிருப்பீர்கள். காற்று அளக்கும் கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தரையைத் தொடும் இடத்தில் டயர் பிதுங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வரை இறக்குங்கள். இழுக்கிற சக்கரத்தில் மட்டும் இறக்கினால் போதாது, நான்கிலும் இறக்க வேண்டும். புதைந்த சக்கரத்தின் வால்வு மணலுக்குள் இருந்தால் தோண்டிய பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

தோண்டறதும் ஒரு கலை

வண்டியைச் சுற்றிக் குனிந்து பாருங்கள். வயிறு தட்டியிருக்கிறதா? அப்படியானால் முதல் வேலை அடியிலிருக்கும் மணலை வெளியே இழுப்பது. மண்வெட்டி இருக்காது. டிபன் பாக்ஸ் மூடி, தட்டு, கைப்பிடியுள்ள பலகை எதுவானாலும் சரி. கையை மட்டும் நீட்டி மணலை வாருங்கள், தலையையும் உடம்பையும் அடியில் விடாதீர்கள். மணல் தளர்ந்தால் வண்டி சட்டென்று இறங்கும்.

அடுத்து சக்கரம். போகப்போகும் திசையில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் சாய்தளம் மாதிரி நீளமாக வழி வெட்டுங்கள். குறைந்தது மூன்று நான்கு அடி நீளம். நேராக ஆழமாக வெட்டினால் உலர்ந்த மணல் சரிந்து மறுபடி நிரம்பிவிடும். அகலமாக, சரிவாக எடுக்க வேண்டும். பெரும்பாலும் பின்பக்கமாக, வந்த வழியே போவதுதான் சுலபம். அப்படியானால் சக்கரத்துக்குப் பின்னால் தோண்டுங்கள்.

அடியில் எதையாவது போட்டால் பிடிமானம் கூடும். கார்க்காரர்கள் முதலில் எடுப்பது கால்மிதி மேட். அது சில சமயம் உதவும், பல சமயம் சக்கரம் உருவிப் பின்னால் வீசிவிடும். நம் கரையோரத்தில் அதைவிட நல்ல பொருள் கிடைக்கிறது: தென்னை மட்டை, பனை மட்டை. மட்டைகளைக் குறுக்காக நெருக்கி அடுக்கினால் சக்கரத்துக்குப் படிக்கட்டு மாதிரி. கோணிச் சாக்கு, கெட்டியான பலகை, பழைய வலை எதுவும் சரி. வலை மட்டும் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் கைக்கு முதலில் கிடைப்பது சீமைக்கருவேலம் மிலாறாகத்தான் இருக்கும். தயவுசெய்து வேண்டாம், முள் டயரைப் பதம் பார்த்துவிடும்.

தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஊற்றலாம். லேசான ஈரம் துகள்களை ஒட்ட வைக்கும், அதனால்தான் ஈர மணலில் வீடு கட்ட முடிகிறது, உலர்ந்த மணலில் முடிவதில்லை. சக்கரத்துக்கு முன்னால் வெட்டிய வழியில் தெளித்து மிதித்து விடுங்கள். குடம் குடமாகக் கொட்டினால் சேறாகிவிடும்.

ஜாக்கி போடுவது கொஞ்சம் ஆபத்தான வேலை. மணலில் ஜாக்கியே உள்ளே புதையும், சாயும். ஸ்டெப்னியையோ அகலப் பலகையையோ படுக்க வைத்து அதன் மேல் வைக்க வேண்டும். சக்கரம் மேலே வந்ததும் குழியை மணலால் நிரப்பி மிதித்து, மட்டையைப் போட்டு இறக்கினால் பாதி வேலை முடிந்தது. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது, ஒரு விநாடிகூட.

வெளியே எடுக்கும்போது

கியர் வண்டியில் இரண்டாம் கியர் பல நேரம் முதல் கியரைவிட நன்றாக வேலை செய்யும். முதல் கியரில் இழுவை அதிகம் என்பதால் சக்கரம் சட்டென்று வழுக்கிச் சுற்றும். கிளட்சை மெதுவாக, ஆனால் முழுமையாக விடுங்கள். பாதி கிளட்சிலேயே வைத்து உறுமவிட்டால் கருகிய வாடை வரும். அந்த வாடை வந்தால் ஐந்து பத்து நிமிஷம் ஆறவிடுங்கள், இல்லையென்றால் மணலிலிருந்து மீண்ட வண்டி மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போகும்.

புதிய கார்களில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கும். கார் படத்துக்குக் கீழே இரண்டு வளைந்த கோடு போட்ட பொத்தான். சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் அது என்ஜினின் சக்தியைக் குறைத்துவிடும். மழைச் சாலையில் உயிர் காக்கும் விஷயம், மணலில் இடைஞ்சல். பெரும்பாலான கார்களில் அதை அணைத்துவிட்டு முயல்வது நல்லது. மணலுக்கென்றே தனி மோட் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சாலைக்கு வந்ததும் அணைத்ததை மறக்காமல் ஆன் செய்ய வேண்டும்.

"நம்மகிட்ட தார் இருக்கு, நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் தங்கள் வண்டி எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். 2023 முதல் தார், பின் சக்கரங்களால் மட்டும் இழுக்கும் மாடலாகவும் விற்பனைக்கு வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அசல் ஃபோர் வீல் டிரைவாகவே இருந்தாலும் 35 பிஎஸ்ஐ காற்றோடு மணலில் இறங்கினால் நான்கு சக்கரமும் சேர்ந்து தோண்டும். இன்னும் ஆழமாக, இன்னும் வேகமாக. லீவர் இருக்கும் வண்டியில் மணலைத் தொடுவதற்கு முன்பே ஃபோர் வீலில் போடுங்கள், புதைந்த பிறகு இல்லை.

தள்ளுபவர்கள் சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது. மட்டையும் கல்லும் முகத்துக்கு வரும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒருவரும் வேண்டாம். வண்டி நகர ஆரம்பித்துவிட்டால் ஆளை ஏற்றுவதற்காக நிறுத்தாதீர்கள். கெட்டித் தரை வரும் வரை அதே சீரான வேகத்தில் போய்க்கொண்டே இருங்கள். நண்பர்கள் நடந்து வரட்டும், பரவாயில்லை.

டிராக்டர் வருது, ஆனா கயிறு?

நம் கடற்கரைக் கிராமங்களில் படகு இழுக்கும் டிராக்டர் இருக்கும். பல கார்களைக் கடைசியில் காப்பாற்றுவது அதுதான். உள்ளூர்க்காரர் வந்து உதவினால் டீசல் காசையாவது கொடுங்கள். ஆனால் இழுக்கும் வேலையில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன.

இழுபட்ட கயிறு அறுந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி திரும்பி அடிக்கும். அதன் நுனியில் இரும்புக் கொக்கி இருந்தால் கேட்கவே வேண்டாம். பம்பரிலோ சஸ்பென்ஷன் கம்பியிலோ கட்டாதீர்கள். காரோடு வரும் டோ ஹூக், டூல் கிட்டில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கும், அதை பம்பரில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து முழுசாகத் திருகி மாட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஈரத் துணியோ சாக்கோ போட்டு வைத்தால் அறுந்தாலும் வீச்சு குறையும். கயிறு எவ்வளவு நீளமோ அதைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் எல்லோரும் நிற்க வேண்டும், வீடியோ எடுப்பவர் உட்பட. முன்னதாகத் தோண்டி, காற்று இறக்கி, அப்புறம் இழுத்தால் மெதுவான இழுப்பே போதும். வெடுக்கென்று இழுத்தால் டோ ஹூக் பிய்ந்து வரும்.

பைக் சிக்கினா?

பைக்கில் பின் சக்கரம் புதைந்தால் இறங்கிவிடுங்கள், உங்கள் எடை குறைந்தாலே பாதி கஷ்டம் தீரும். பக்கத்தில் நடந்தபடி முதல் கியரில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துத் தள்ளுங்கள். ரொம்பப் புதைந்திருந்தால் என்ஜினை அணைத்து, வண்டியை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து, குழியை மணலால் மூடி மிதித்து, மறுபடி நிமிர்த்துங்கள். பெட்ரோல் கசிகிறதா என்று மட்டும் பாருங்கள். சூடான சைலன்சர் பக்கம் காலை வைக்காதீர்கள்.

இறங்கவே கூடாத இடங்கள்

காலால் நடந்து பார்ப்பதுதான் சிறந்த சோதனை. குதிகால் புதைகிறது என்றால் காரும் புதையும். அலை ஏறி இறங்கும் கோட்டுக்கு மேலே இருக்கும் உலர்ந்த வெண்மணல் மெத்தை மாதிரி. குதிரைமொழித் தேரியின் செம்மணலும் அப்படித்தான், பார்க்கக் கெட்டியாகத் தெரியும், ஏமாற்றிவிடும்.

நம் கிழக்குக் கரையில் ஜனவரி முதல் மூன்று நான்கு மாதம் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். மணலுக்குள் இருக்கும் முட்டைக் குழிகள் வெளியே தெரியாது, டயர் ஏறினால் அத்தோடு முடிந்தது. வலை காய வைக்கும் இடமும் யாரோ ஒருவரின் பிழைப்பு. போட்டோவுக்குச் சாலையோரமே போதும்.

வெளிய வந்தாச்சு, வீட்டுக்குக் கிளம்பலாமா?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மூன்று மணி நேரம் போராடி வண்டியை எடுத்த சந்தோஷத்தில், 15 பிஎஸ்ஐ காற்றோடு ஈசிஆரில் 80-ல் பறப்பார்கள். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரியும். அந்தச் சூடு ஏறி ஏறி, பக்கச் சுவர் பலவீனமாகி வெடிக்கலாம். வளைவில் திரும்பினால் டயர் ரிம்மை விட்டே கழன்று போகலாம். மணல் எடுக்காத உயிரைத் தார்ச்சாலை எடுத்துவிடும்.

காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்ன ஏர் கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் இருந்தால் சாலையோரத்திலேயே நான்கு டயரையும் நிரப்பிவிடலாம். அது இல்லையென்றால் பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை மெதுவாக, 30-க்கு மேல் போகாமல், சட்டென்று திருப்பாமல் ஓட்டிப்போங்கள். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கு எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

என்ஜினுக்குள் கடல் தண்ணீர் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், டோ பண்ணி எடுத்துப் போங்கள். தண்ணீர் புகுந்த என்ஜினைத் திருப்பி அதனால் பழுதானால், என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் எடுக்காத பாலிசிகளில் இழப்பீடு கிடைப்பது பொதுவாகவே சிரமம். உப்புத் தண்ணீர் தெறித்திருந்தால் மறுநாளே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் வாட்டர் வாஷ் செய்து, பிரேக்கில் மணல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் மணல் இருக்கிறது என்று அர்த்தம்.